வெட்டுவதற்கு முன் நட்டை ஏற்றுங்கள்: போல்ட், மரை பற்றிய கேள்வி பதில்

காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் போல்ட் வெட்டுபவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: அண்ணே, கேட்டுக்கு வாங்கிய 10 மி.மீ. போல்ட் 80 மி.மீ. நீளம். எனக்கு 55 போதும் என்று ஆக்சா பிளேடால் வெட்டினேன். நட் ஏறவே மாட்டேன் என்கிறது.

முதலில் போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள் தம்பி. தலைப்பக்கம் மொழுக்கென்று இருக்கிறதா? அப்படியானால் அது பாதி மரை போல்ட். அந்த அளவில் மரை வழக்கமாக 26 மி.மீ. தான் இருக்கும். நீங்கள் 25 மி.மீ. வெட்டிவிட்டீர்கள். மிச்சம் ஒரு சுற்றுகூட இல்லை, நட் எதைப் பிடித்து ஏறும்? முழு மரை போட்ட 55 மி.மீ. போல்ட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முழு மரைதான் என்றால் குற்றம் பிசிறில் இருக்கிறது. வெட்டிய முனையைச் சுற்றிலும் அரத்தால் 45 டிகிரி சாய்வாக இழையுங்கள். முதல் பள்ளத்தில் சிறிய முக்கோண அரத்தை மெதுவாக ஓட்டுங்கள். நட்டை முதலில் பின்பக்கமாகச் சுற்றி, 'டக்' என்று உட்காரும் இடம் தெரிந்ததும் முன்னால் திருப்புங்கள்.

அடுத்த முறை, வெட்டும் இடத்தைத் தாண்டி ஒரு நட்டை முன்னாலேயே ஏற்றிவிடுங்கள். வெட்டி, இழைத்து, அந்த நட்டைக் கழற்றும்போது அதுவே கடைசி மரையை நேராக்கிக்கொண்டு வெளியே வரும். எங்கள் பட்டறையில் வேலைக்கு வரும் பையனுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

வாலாஜாவிலிருந்து: வைஸில் பிடித்தால் மரை நசுங்குகிறதே?

இரண்டு நட்டை ஏற்றி, ஒன்றோடு ஒன்று எதிரெதிராக இறுக்கி, நட்டுகளை வைஸில் பிடியுங்கள். மரைமேல் வைஸ் படவே படாது. அலுமினியத் தகட்டை மடித்து வைத்தும் பிடிக்கலாம். பிளேடு அங்குலத்துக்கு 24 பல், பல் முன்னோக்கி இருக்கட்டும்.

ஆற்காட்டிலிருந்து: கிரைண்டரில் வெட்டலாமா?

வெட்டலாம், 1 மி.மீ. வீல் போதும். விட்டுவிட்டு வெட்டுங்கள். தலையில் 8.8 என்று எண் போட்ட போல்ட் பதம் ஏற்றியது. சிவக்கிற அளவுக்குச் சூடாக்கினால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். ஒருமுறை அவசரத்தில் அப்படி வெட்டி, கண்ணில் இரும்புத் துகள் குத்தி, ஆஸ்பத்திரியில் போய் எடுத்தேன். வெட்டுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ராணிப்பேட்டையிலிருந்து: ஐயா, அப்பா காலத்துப் பம்ப்செட். துருப்பிடித்த நாலு நூல் போல்ட்டைச் சுத்தம் செய்யலாம் என்று டை (மரை வெட்டும் கருவி) ஓட்டினேன். மரை சீவிப் போய்விட்டது.

வருத்தமாக இருக்கிறது. நாலு நூல் என்றால் அரை அங்குலம். அந்தக் காலத்துப் போல்ட் பெரும்பாலும் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் மரை: அங்குலத்துக்கு 12 சுற்று, மரையின் கோணம் 55 டிகிரி. நீங்கள் ஓட்டியது யு.என்.சி. என்கிற அமெரிக்க மரைக்கான டையாக இருந்தால் 13 சுற்று, 60 டிகிரி. இரண்டும் அரை அங்குலம்தான், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஓடாது. மரை கேஜ் (மரையை ஒப்பிட்டு அளக்கும் பல் தகடு) வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டையை எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்ய மட்டும் என்றால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அப்புறம் அதே மரையுள்ள ஒரு நல்ல நட்டை எடுத்து, உள்மரையில் ஆக்சா பிளேடால் குறுக்கே இரண்டு வெட்டுப் போடுங்கள். அந்த விளிம்பு துருவைச் சுரண்டும், பொடி வெட்டுக்குள் விழும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று ஓட்டுங்கள். இறுகினால் மல்லுக்கட்டாதீர்கள், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

ஆம்பூரிலிருந்து: எவர்சில்வர் போல்ட்டில் நட் பாதியில் ஒட்டிக்கொண்டது. ஜி.ஐ. போல்ட்டை வெட்டினால் முனை துருப்பிடிக்கிறது.

எவர்சில்வர் மரை உரசிச் சூடானால் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். ஏற்றும் முன் கிரீஸ் தடவி, கையால் நிதானமாகச் சுற்றுங்கள். ஜி.ஐ. போல்ட்டில் வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. அங்கே ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள்.