டார்ட்டியா ஒட்டிக்கொண்டால்?

கேள்வி: ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டார்ட்டியா (சப்பாத்தி மாதிரியான மெக்சிகோ ரொட்டி) அடுக்கைப் பிரித்தால் கிழிகிறது. என்ன செய்ய?

பதில்: குளிரோடு பிரிக்கவே கூடாது. மகன் வீட்டில் நானும் அவசரப்பட்டு நாலைக் கிழித்தேன். அப்புறம் உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டினேன். பேரன் இன்னொரு தட்டு கேட்டான்! சரி, அடுக்கை ஈரத்துணியில் சுற்றி மைக்ரோவேவில் 30 நொடி வையுங்கள். இளகியதும் இரு கையாலும் அடுக்கை லேசாக முன்னும் பின்னும் வளையுங்கள். ஓரம் தானாக விட்டுக்கொடுக்கும். அங்கிருந்து மெதுவாக உரியுங்கள். மைதா டார்ட்டியா கொஞ்சம் இழுபடும். மக்காச்சோளத்தில் அந்த இழுவை கிடையாது, சட்டென்று விண்டுபோகும். ஃப்ரீஸரில் கல்லாகிவிட்டதா? முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள்.