வரைபடம் பாஸ் பண்ண இடைத்தரகர் வேண்டுமா?

யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சீதனமாகக் கிடைத்த ஒன்றரைப் பரப்புக் காணியில் வீடு கட்டப் போகிறோம். பிரதேச சபை ஒன்லைனுக்கு மாறுகிறது, இனிக் கையால் கொடுக்கும் பைல் எல்லாம் தேங்கிவிடும், காணி உறுதியைத் தந்தால் 'சிஸ்டத்தில் ஏற்றி' இரண்டு கிழமையில் அனுமதி எடுத்துத் தருவேன் என்று ஒருவர் 75 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா, அல்லது புதிய முறை வரும்வரை பொறுத்திருப்பதா?"

கொடுக்க வேண்டாம் தங்கச்சி. பொறுத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கு நடைமுறையில் உள்ள படிவத்தை நிரப்பி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொம்பியூட்டர் வந்தால் விண்ணப்பம் போகிற வழிதான் மாறும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணிக்கு வந்து பார்க்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழி வரும் இடத்தைப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் அனுமதி. இவர்களைத் தாண்டிப் போகலாம் என்று சொல்கிறவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது உள்ளே யாருக்கோ கொடுக்க உங்களிடம் வாங்குகிறார். மூல உறுதியை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். சபைக்கு உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், சோலைவரி (ஆதன வரி) பற்றுச்சீட்டு, கட்டட வரைபடம் போன்றவைதான் வேண்டும். கொடுத்தவுடன் இலக்கமும் திகதியும் போட்ட பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இந்த இடைத்தரகர்களின் வரைபடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே வரைபடத்தைப் பெயர் மாற்றிப் பலருக்குக் கொடுப்பார்கள். அதில் கிணறும் குழியும் 50 அடி இடைவெளியில் அழகாக இருக்கும். காணிக்குப் போனால் மதிலுக்கு அந்தப் பக்கம், குழியிலிருந்து பதினைந்து இருபது அடியில் அயலவரின் கிணறு. அது வரைபடத்திலேயே இருக்காது. ஒன்றரைப் பரப்பு என்றால் ஏறக்குறைய 4,080 சதுர அடி. சதுரக் காணியாக இருந்தாலும் ஒரு பக்கம் 64 அடிதான் வரும். நாலு பக்கமும் கிணறு இருக்கிற ஊரில் குழிக்கு இடம் தேடுவதுதான் உங்கள் உண்மையான வேலை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதைத்தான் குடிக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்புகள் உண்டு, கழிவுநீர் அவற்றின் வழியே வேகமாக ஓடும். ஆகவே அடியும் சுவரும் சீமெந்தால் அடைத்த தொட்டியாகக் கட்டுங்கள். அதிலிருந்து வெளியேறும் நீருக்கான ஊறுகுழியை எல்லாக் கிணறுகளிலிருந்தும் முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

ஒரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் உறுதியில் 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்' என்று இருக்கிறதா பாருங்கள். சீதனக் காணிகளில் இது அடிக்கடி வரும். இருந்தால், கிணறு மற்றவர் காணிக்குள் இருந்தாலும் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். மறுபுறம், உங்கள் காணியூடாக மற்றப் பங்காளிகளுக்குப் பாதையோ வாய்க்காலோ இருந்தால் அதன்மேல் அத்திவாரம் போடக் கூடாது. இருபது வருடமாக யாரும் அந்தக் கிணற்றில் அள்ளவில்லை, பங்கு தானாகப் போய்விட்டது என்று தரகர் சொல்வார். நம்பாதீர்கள். பங்காளிகள் வெளிநாட்டில் இருந்தாலும் பங்கு பங்குதான். முதலில் உறுதியை நொத்தாரிசிடம் காட்டுங்கள்.

சபைகள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஒன்லைனில் வந்த வரைபடத்தை அச்செடுத்துப் பைலில் கோர்ப்பதை நவீனமயம் என்கிறார்கள். முதலில் வேண்டியது வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு கிணறு, குழி, குளம், வெள்ளவாய்க்காலையும் ஒரே வரைபடத்தில் ஏற்றுவது. அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். பரிசோதகர் எப்படியும் வீடுவீடாகப் போகிறார், தொலைபேசியில் இடத்தைக் குறித்து வந்தால் போதும். அடிக்கணக்கை நாடா பிடித்துத்தான் அளக்க வேண்டும், ஆனால் மதிலுக்கு அப்பால் ஒரு கிணறு இருப்பது மேசையிலேயே தெரிந்துவிடும். வெள்ளவாய்க்காலை மறித்து மதில் கட்ட அனுமதி கொடுத்துவிட்டு, மழைக்கு ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் நின்ற பிறகு ஜேசிபி அனுப்புகிற கூத்தும் குறையும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, பைல் அசையாவிட்டால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைக்கும் பொருந்தும். பற்றுச்சீட்டு இலக்கத்தைப் போட்டு, என் விண்ணப்பம் இன்று எந்த உத்தியோகத்தரிடம், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது என்று தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை மேசனுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.