2 மணி 75 நிமிடம் என்று எழுதும் குழந்தை

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் கூட்டல், கழித்தலில் தடுமாறுவதே இல்லை. ஆனால், ‘காலை 8.40 மணிக்குத் தொடங்கி 11.15 மணிக்கு முடிந்தால் எவ்வளவு நேரம்?’ என்று கேட்டால் 2 மணி 75 நிமிடம் என்கிறாள். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அதே விடைதான். கோபத்தில் திட்டிவிடுகிறேன், அவளும் அழுகிறாள். இது கவனக்குறைவா?
– ஒரு தாய், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். 11.15-இல் 8.40 போனால் 2.75. உங்கள் மகள் பிழையில்லாமல்தான் கழித்திருக்கிறாள். ரூபாய், பைசாவையும் மீட்டர், சென்டிமீட்டரையும் இப்படிப் புள்ளி வைத்துத்தான் எழுதப் பழகியிருக்கிறாள். அங்கெல்லாம் கடன் வாங்கினால் நூறு வரும். நேரத்துக்கும் அதே புள்ளியை வைத்துவிட்டு, இங்கே மட்டும் அறுபது என்றால் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? இனி வீட்டில் 8:40 என்று மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்து எழுதுங்கள். இது வேறு கணக்கு என்பது கண்ணுக்கே தெரியட்டும்.

கழித்தலைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, இடது முனையில் 8:40, வலது முனையில் 11:15 என்று குறியுங்கள். 8:40-இலிருந்து 9:00-க்குத் தாவினால் 20 நிமிடம். 9-இலிருந்து 11-க்கு 2 மணி நேரம். அங்கிருந்து 11:15-க்கு 15 நிமிடம். தாவல்களைக் கூட்டினால் 2 மணி 35 நிமிடம். கடன் வாங்கும் வேலையே இல்லை. ‘9, 10, 11’ என்று விரல்விட்டு எண்ணி மூன்று மணி நேரம் என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். எண்களை எண்ணாமல், அவற்றுக்கு நடுவே உள்ள தாவல்களை எண்ணச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் 8:40-இலிருந்து 11:40-க்கு ஒரே தாவாக 3 மணி நேரம் போய், 25 நிமிடம் பின்னால் வருவார்கள். அதுவும் சரியான வழியே, தடுக்காதீர்கள்.

வீட்டில் முள் வைத்த கடிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்று வாங்கி, அவள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். செல்பேசி இப்போதைய நேரத்தை மட்டும் காட்டும். கடந்து வந்த தூரத்தை முள் சுற்றும் வட்டத்தில்தான் பார்க்க முடியும்.

பயிற்சிக்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். ராகு காலம் திங்களன்று 7:30 முதல் 9:00 வரை, செவ்வாயன்று 3:00 முதல் 4:30 வரை, புதனன்று 12:00 முதல் 1:30 வரை. தினமும் தாள் கிழிக்கும்போது, எவ்வளவு நேரம் என்று அவளையே கணக்கிடச் சொல்லுங்கள். நம்பிக்கை இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான். ஏழு நாளும் ஒன்றரை மணி நேரமே வருகிறது என்பதை அவளாகவே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஒன்றரையை 1.5 என்று எழுதி, 1 மணி 50 நிமிடம் என்று படிக்கிறாளா என்றும் கவனியுங்கள். அதுவும் அந்தப் பழைய நூறு செய்யும் வேலைதான்.

புதன்கிழமை அவள் திணறலாம். 12-க்குப் பிறகு 1 வருவதால், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கப் போவாள். நண்பகலைத் தாண்டும் கணக்கு எதுவானாலும் 12:00-இல் ஒருமுறை நின்று போகப் பழக்குங்கள். 11:30 முதல் 1:15 வரை என்றால், 12 வரை 30 நிமிடம், பிறகு 1 மணி 15 நிமிடம், ஆக 1 மணி 45 நிமிடம். நள்ளிரவுக்கும் இதே வழிதான். உங்கள் ஊரிலிருந்து ஓசூர் தொழிற்சாலைகளுக்கு நைட் ஷிப்ட் போகிறவர்கள் இருப்பார்கள். இரவு 10 மணிக்கு உள்ளே போனவர் காலை 6 மணிக்கு வெளியே வந்தால் எத்தனை மணி நேர வேலை என்று கேளுங்கள். 12 வரை 2, அதற்குப் பின் 6.

தேர்வில் கழித்தல் முறையில்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால், கோட்டில் தாவுவது நன்றாகப் பழகிய பிறகு அதைத் தொடங்குங்கள். 11:15-இல் ஒரு மணியை உடைத்து 10 மணி 75 நிமிடம் என்று எழுதச் செய்யுங்கள். 75-இல் 40 போனால் 35, 10-இல் 8 போனால் 2. அவள் எழுதிய அந்த 75 இப்போது சரியான இடத்தில் இருக்கிறது என்று அவளிடம் காட்டுங்கள்.