ஸூனி 1946-உடன் முடிந்துவிடவில்லை

வணக்கம். மாடல் செய்வதற்காக அமெரிக்க இழுவைக் கப்பல் ஸூனியின் வரலாற்றைத் தேடுகிறீர்கள். பதிவு 1946-இல் நின்றுவிடுகிறது, உடைத்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். உடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் கடற்படை அதைக் கடலோரக் காவல்படைக்குக் கொடுத்தது. பெயர் டமரோவா, எண் 166 என்று மாறின. இனி அந்தப் பெயரில் தேடுங்கள், நிறையக் கிடைக்கும்.

உங்கள் மாடல் 1944-ஆம் ஆண்டுக்கானது என்றால் நல்ல தேர்வு. அந்த நவம்பரில் டார்பிடோ தாக்கிய ரினோ என்ற க்ரூசர் போர்க்கப்பலை, பசிபிக் கடலில் உள்ள உலித்தி தீவுத்திட்டு வரை சுமார் 1,500 மைல் இழுத்து வந்தது இந்த 205 அடிக் கப்பல்தான். அந்த ஒரு பயணத்துக்காகவே இதன்மேல் எனக்குத் தனி மதிப்பு.

அப்புறம் 1991 அக்டோபர் புயலில், எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிய ஹெலிகாப்டரின் ஐந்து பேரில் நால்வரைக் காப்பாற்றியது. 1994-இல் ஓய்வு, 2017 மே மாதம் டெலவேர், நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடித்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: வெள்ளை உடலில் சாய்ந்த சிவப்புப் பட்டை உள்ள படங்கள் 1967-க்குப் பிந்தையவை. போர்க்கால மாடலுக்கு அவற்றைப் பார்த்து வண்ணம் அடிக்காதீர்கள்.