பென்ஷன் குறைவு, டெபாசிட் உண்டு: கிரெடிட் கார்டு கிடைக்குமா?

கேள்வி: கணவர் மறைவுக்குப் பிறகு மாதம் 12,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வங்கியில் 9 லட்சம் டெபாசிட் இருக்கிறது. இதுவரை கடனே வாங்கியதில்லை. ஆனாலும் கிரெடிட் கார்டு கேட்டால், 'வருமானம் போதாது' என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு அம்மா. 'எஃப்.டி. (ஃபிக்ஸட் டெபாசிட்) மேல் கிரெடிட் கார்டு வேண்டும்' என்று கேளுங்கள். டெபாசிட்டே ஈடு என்பதால் பொதுவாக வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். கடன் வாங்காதவர்களுக்கு சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண், இருக்காது. அதுவும் இங்கே பெரிய தடையில்லை.

சாதாரண கார்டு என்பது ஈடில்லாத கடன். சேமிப்பை நீங்கள் நாளைக்கே எடுத்துவிடலாம் என்பதால், மாதாமாதம் என்ன வருகிறது என்றுதான் வங்கி பார்க்கும். அதற்காக வங்கி வங்கியாக விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொன்றும் சிபில் அறிக்கையில் பதிவாகும்.

9 லட்சத்தையும் ஈடாக வைக்கச் சொன்னால் சம்மதிக்கவே வேண்டாம். ஈடு வைத்த டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல வரும்; ஆனால் கார்டை மூடும்வரை அதை உடைக்க முடியாது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டி வந்தால் தவித்துப் போவீர்கள். 50,000 ரூபாய்க்குத் தனியாக ஒரு எஃப்.டி. போடுங்கள். வங்கிக்கு வங்கி மாறினாலும், பெரும்பாலும் அதில் 75 முதல் 90 சதவீதம் வரை லிமிட் தருவார்கள். 80 என்றால் 40,000. ரயில் டிக்கெட், மருந்து, கரண்ட் பில்லுக்கு அது தாராளம்.

அந்த எஃப்.டி.யை வேறு வங்கியில் போடுவது இன்னும் நல்லது. வங்கி மூழ்கினால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. பழைய டெபாசிட் முதிரும்போது கொஞ்சத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், ஆட்டோ டெபிட் படிவம். அதில் 'மொத்த பாக்கி', 'குறைந்தபட்ச பாக்கி' என்று இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தில்தான் டிக் செய்ய வேண்டும். கணக்கைப் பாருங்கள்: குறைந்தபட்சம் மட்டும் கட்டி 10,000 ரூபாய் பாக்கி நின்றால், மாதம் 3.5 சதவீத வட்டியில் 350 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 413. உங்கள் 50,000 ரூபாய் எஃப்.டி. 6.5 சதவீதத்தில் மாதம் சம்பாதித்துத் தருவதோ சுமார் 270தான். இந்தக் கார்டை ஏ.டி.எம்.மில் செருகிப் பணமும் எடுக்காதீர்கள்; அதற்கு அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும், கட்டணம் வேறு.

கையெழுத்துப் போடும் முன் வயது வரம்பையும் ஆண்டுக் கட்டணத்தையும் கேளுங்கள். எஃப்.டி.க்கு நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.