ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 30 ஏடிபியா?

ஒரு குளுக்கோஸ் செல்லில் முழுதாகச் சிதையும்போது எத்தனை ஏடிபி (செல் ஆற்றலுக்குச் செலவிடும் மூலக்கூறு) கிடைக்கும் என்ற கணக்கில் உங்களுக்கு 30 வந்தது, விடைக்குறிப்பில் 38 இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் 30 தவறில்லை. விடைக்குறிப்பின் 38 பழைய பெருக்கெண்ணில் போட்டது: என்ஏடிஹெச் ஒன்றுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஹெச்2 ஒன்றுக்கு 2 (இரண்டும் குளுக்கோஸிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறுகள்). இப்போது 2.5, 1.5 என்று எடுக்கிறார்கள்.

அந்த "அரை" எங்கிருந்து வந்தது என்று குழம்பியிருக்கிறீர்கள். அரை ஏடிபி என்று ஒன்று கிடையாது, அது சராசரி. ஒரு என்ஏடிஹெச்சின் 2 எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைப் போய்ச் சேர்வதற்குள் 10 புரோட்டான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஓர் ஏடிபிக்குச் சுமார் 4 புரோட்டான் செலவு: ஏடிபியைத் தயாரிக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸைச் சுழற்ற 3, பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவர 1. பத்தை நாலால் வகுத்தால் 2.5. எஃப்ஏடிஹெச்2 புரோட்டான்களைத் தள்ளும் முதல் பம்பைத் தொடுவதே இல்லை. அதனால் 6 புரோட்டான்தான், 1.5 ஏடிபி.

கணக்கை இப்படிச் சரிபாருங்கள்:
10 என்ஏடிஹெச் × 2.5 = 25
2 எஃப்ஏடிஹெச்2 × 1.5 = 3
நேரடியாகக் கிடைப்பது 4 (ஏடிபிக்குச் சமமான ஜிடிபியையும், அதாவது GTP, சேர்த்து)
மொத்தம் 32.

உங்களுக்கு 2 குறைந்ததற்குக் காரணம், கிளைக்காலிசிஸில் (மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே குளுக்கோஸ் உடையும் முதல் கட்டம்) வந்த 2 என்ஏடிஹெச்சை 1.5 ஆல் பெருக்கியதாக இருக்கும். அவை உள்சவ்வைத் தாண்டாது, எலக்ட்ரானை மட்டும் கைமாற்றும். அந்தக் கைமாற்றம் கிளிசரால் பாஸ்பேட் வழி என்றால் 1.5, மாலேட் வழி என்றால் 2.5.

தேர்வில் உங்கள் பாடநூல் எண்ணையே எழுதுங்கள். பழைய, புதிய பெருக்கெண்களை ஒரே கணக்கில் கலக்காதீர்கள். உயிருள்ள செல்லில் புரோட்டான் கசிவும் உண்டு, ஆக 32 என்பதே உச்சவரம்புதான்.