காசு வாங்கிய தம்பி போனை எடுப்பதில்லை

கேள்வி: நாச்சியார்கோவிலில் அப்பா காலத்திலிருந்து குத்துவிளக்கு செய்து விற்கிறோம். அப்பா, அண்ணன், நான், மூன்று பேர்தான். ஆன்லைனில் விற்க வெப்சைட் வேண்டுமென்று கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்யும் ஒரு தம்பியிடம் பேசினோம். அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீடு. 45,000 ரூபாய் பேசி, "டொமைன் வாங்கணும், சர்வர் வாங்கணும்" என்று 40,000 வாங்கிவிட்டான். தை மாதம் கொடுத்தது, ஆடி வந்துவிட்டது. போன் எடுப்பதில்லை, எடுத்தால் "அடுத்த வாரம்க்கா" என்கிறான். போலீசுக்குப் போகலாமா? அத்தை வேண்டாம் என்கிறார்.
— வாசகி, நாச்சியார்கோவில்

பதில்: கல்யாணத்துக்கு மேளம் பேசினால் அச்சாரம் கொடுத்துவிட்டு மீதியை எப்போது கொடுப்போம் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்ப்யூட்டர் வேலை என்றதும் மட்டும் எல்லாவற்றையும் முன்னாடியே எண்ணி வைத்துவிடுகிறோம். 45,000-ல் 40,000 கைக்கு வந்த பிறகு மீதி 5,000-க்காக அந்தத் தம்பி ராத்திரி கண் விழித்து வேலை செய்வானா? அவன் கெட்டவனாகக்கூட இருக்க வேண்டாம், காசு கொடுக்காத இன்னொருவர் தினமும் நெருக்கிக்கொண்டிருப்பார், அந்த வேலை முதலில் நடக்கும்.

சரி, இனி. உங்களுக்கு வெப்சைட் வேண்டுமா, பணம் வேண்டுமா? இதை முதலில் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும்வரை "அடுத்த வாரம்க்கா" தொடரும். என்னைக் கேட்டால் பணம். ஆறு மாதத்தில் ஒரு பக்கம்கூடக் காட்டாதவர் செய்தே கொடுத்தாலும், நாளைக்குப் பித்தளை விலை ஏறி ஒரு விளக்கின் விலையை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி அவரைத்தான் தேட வேண்டும்.

அப்புறம், போன் செய்வதை நிறுத்துங்கள். போனில் பேசியது காற்றோடு போகும். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "இன்ன தேதியில் வெப்சைட் வேலைக்காக 40,000 ரூபாய் அனுப்பினேன். இதுவரை எதுவும் வரவில்லை. வரும் 15-ஆம் தேதிக்குள் செய்த வேலையைக் காட்டவும். இல்லையென்றால் வேலையை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சொல்லவும்." திட்டு வேண்டாம், சாபம் வேண்டாம். அவர் "சாரிக்கா, முடிச்சிடறேன்" என்று பதில் போட்டால் நல்லதுதான், பணம் வாங்கியதை எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. வேலையை முடிக்கத் தேதியே பேசவில்லை என்றாலும் கவலை இல்லை, அப்படிப்பட்ட இடத்தில் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், ஒரு வெப்சைட்டுக்கு ஆறு மாதம் என்பதை நியாயம் என்று அவரே சொல்ல மாட்டார்.

டொமைன், அதாவது இணையத்தில் உங்கள் வெப்சைட்டின் பெயர், அந்த விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். உங்கள் கடைப் பெயரை அவர் தன் மெயிலில், தன் பெயரில் பதிவு செய்திருந்தால் அது 40,000 ரூபாயைவிடப் பெரிய தலைவலி. நாளைக்கு வேறு ஒருவரை வைத்துச் செய்தாலும் அந்தப் பெயர் கிடைக்காது. பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது பெயரை உங்கள் பக்கம் மாற்றி வாங்குங்கள்.

கெடு முடிந்தும் அசைவில்லையா? இதே விஷயத்தைக் கடிதமாக எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், வக்கீல் நோட்டீஸ் என்றால் இன்னும் கொஞ்சம் உறைக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு வழி. உங்கள் அத்தைக்குப் பிடிக்கக்கூடியது முதல் வழி: வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு. கட்டணம் இல்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஒத்துக்கொண்டால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) போடும் உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஒரே குறை, எதிர்த்தரப்பு வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கோர்ட் முத்திரையோடு வீட்டுக்கு ஒரு தபால் வந்தால், நம் ஊரில் பையனைவிடப் பையனின் அப்பா முதலில் கிளம்பி வந்துவிடுவார்.

இன்னொன்று, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம், பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஒரு சிக்கல் உண்டு: வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அப்பா, அண்ணன், நீங்கள் என்று மூன்று பேரே செய்யும் தொழில் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அதுவும் சரிவராவிட்டால் முன்சீப் கோர்ட்டில் பண வழக்கு, அதற்கு 3 வருடம் அவகாசம்.

போலீஸ் கடைசியில். சொன்ன வேலையைச் செய்யாதது மட்டும் மோசடி ஆகாது, வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். யாரோ செய்ததைத் தன் வேலை என்று காட்டினார், பொய்ப் பெயர் சொன்னார், இதே மாதிரி நான்கு பேரிடம் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால் அந்த நான்கு பேரும் சேர்ந்து போங்கள், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு அதற்குத்தான். தனியாகப் போனால் ஒரு சிஎஸ்ஆர் (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டு, ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

கேள்வி: மகள் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. போட்டோகிராபருக்கு மண்டபத்திலேயே முழுப் பணமும் கொடுத்தாயிற்று. ஆல்பமும் இல்லை, வீடியோவும் இல்லை. பேத்தியே பிறந்துவிட்டாள். சும்மா விடக் கூடாது என்கிறார் சம்பந்தி.
— வாசகர், மன்னார்குடி

பதில்: சம்பந்தியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஆல்பம் யார் வேண்டுமானாலும் போடலாம், எடுத்த படங்கள் அவரிடம் மட்டும்தான் இருக்கின்றன. இப்போது மிரட்டி, அவர் கோபத்திலோ பயத்திலோ "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டால் தாலி கட்டும் காட்சியை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது. புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு நேரில் போங்கள், "ஆல்பம் மெதுவாகப் போடுங்கள் தம்பி, ஒரிஜினல் எல்லாவற்றையும் இதில் ஏற்றிக் கொடுங்கள்" என்று அங்கேயே உட்காருங்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்து, முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு சம்பந்தி சொன்னபடி செய்யலாம். இது குடும்பத் தேவைக்காக வாங்கிய சேவை, அதனால் வியாபாரச் சிக்கல் இல்லாமல் நேராக நுகர்வோர் ஆணையம் போகலாம். கல்யாண வீடியோ தராத வழக்குகளில் பணத்தோடு மன உளைச்சலுக்கும் இழப்பீடு போட்டிருக்கிறார்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துப் பாருங்கள், சில பேர் அதற்கே இறங்கி வருவார்கள்.

கேள்வி: ஏமாற்றியவன் போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டு "திருடன்" என்று எழுதலாமா?
— வாசகர், சீர்காழி

பதில்: எழுதினால் அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போடுவார். பணம் போனது பற்றிய பேச்சு அதோடு நின்றுவிடும்.

கேள்வி: நான் லோகோ, நோட்டீஸ் டிசைன் செய்பவன். ஒருவரிடம் 12,000 வாங்கினேன். அம்மாவுக்கு ஆபரேஷன், பணம் செலவாகிவிட்டது, வேலையும் பாதியில் நிற்கிறது. அவர் நம்பரைப் பார்த்தாலே கை நடுங்குகிறது.
— பெயர் வேண்டாம், திருவாரூர்

பதில்: நடுங்கட்டும், ஆனால் இன்றைக்கே எழுதுங்கள். அம்மா விஷயத்தை ஒரு வரியில் சொன்னால் போதும். பாதி வேலை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே, திறந்து திருத்தக்கூடிய ஃபைலாக, அனுப்பிவிடுங்கள். வேறு டிசைனரை வைத்தாவது அவர் முடித்துக்கொள்வார், அவருக்கும் கடை திறப்பு விழாவோ என்னவோ இருக்கும். செய்த வேலைக்கு எவ்வளவு, திருப்பித் தர வேண்டியது எவ்வளவு என்று நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள், அவர் மாற்றச் சொன்னால் பேசுங்கள். மாதத் தவணையாகத் தருவதாக இருந்தால் முதல் தவணையை, 1,000 ரூபாயானாலும், அந்தச் செய்தியோடு சேர்த்தே ஜிபேயில் அனுப்பிவிடுங்கள்.